வாலின் மறுபாதி

என் அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். சொல்கிறவர்கள் ஒரு நாள் அவள் பட்டறையில் உட்கார்ந்து பார்க்கட்டும். அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் அக்காவும் அவள் கணவரான மாமாவும் அடுத்தடுத்த மேசையில், பாறைக்குள் கிடக்கும் டைனோசர் எலும்புகளை மின்சாரத்தில் ஓடும் ஊசி உளியால் வெளியே எடுக்கிறார்கள். நான் அங்கே விளக்குப் போடுகிறவன். மாமா வேகக்காரர், 'புயல்' என்று பட்டம். அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அன்று மாமா ஒரு டைனோசர் வாலின் ஒரு பக்கத்தைப் பளபளவென்று முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். அக்கா அவருடைய குப்பைத் தொட்டியிலிருந்து ஒரு கல் சில்லை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். வரிசையாகக் குட்டிக் குட்டிப் புடைப்புகள். செத்த விலங்கின் தோல் அழுகுமுன் சேற்றில் பதிந்த அச்சு அது. எலும்பைப் பார்த்தால் உயரம் தெரியும், நடை தெரியும். மேலே போர்த்தியிருந்தது செதிளா இறகா என்று அந்த அச்சுதான் சொல்லும். இந்த இனத்தில் அது யாருக்கும் கிடைத்ததில்லை. எங்களுக்குக் கிடைத்ததை மாமா குப்பையில் போட்டிருந்தார்.

மாமா வந்ததும் அக்கா தொட்டியை அவர் மேசையில் கவிழ்த்தாள்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

சில்லைப் பார்த்ததும் மாமாவின் முகம் செத்துவிட்டது. வீம்பு மட்டும் சாகவில்லை.

"எலும்பு பளிச்சுன்னு தெரியணும்னு இயக்குநர் சொல்லிட்டார். அடுத்த வாரம் திறப்பு விழா. மறுபக்கத்தையும் முடிச்சே ஆகணும்."

"அந்தப் பக்கமும் தோல் இருக்கும்ங்க!"

"இருந்தா இருக்கட்டும். 'புயல்' பாதியில நின்னுட்டான்னு நாலு பேர் சிரிக்கணுமா?"

உளி இரைந்தது. அக்கா கையுறையைக் கழற்றி வீசிவிட்டு, வெறுங்கையைக் கல்லின் மேல் விரித்து வைத்தாள்.

"மொதல்ல என் தோலை உரிங்க. அப்புறம் அதோடதை உரிக்கலாம்."

நான் மெயின் சுவிட்சை நோக்கி ஓடினேன். அதற்குள் மாமாவே உளியை நிறுத்திவிட்டார்.

திறப்பு விழாவில் வாலின் ஒரு பாதி பளபளத்தது, மறுபாதி கல்லோடு கிடந்தது. கல்லின் மேல் புடைப்புகள் தெரியும்படி விளக்கைச் சாய்த்துப் போட்டிருந்தேன். இயக்குநருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

"என்னய்யா புயல், பாதி வேலையைக் கெடுத்து வச்சிருக்க?"

மாமா பளபளத்த பாதியைத் தொட்டார்.

"ஆமா சார். இந்தப் பாதியை."

பட்டறைச் சண்டையிலிருந்து மாமாவின் முகத்தைப் பார்க்காத அக்கா அப்போதும் பார்க்கவில்லை.