சஹனுக்குப் பக்கத்தில் ஒரு தனித் தட்டு

கல்முனையில், வீதியோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் உட்கார்ந்திருக்கிறோம். என் மனைவி, அவளுடைய தம்பி, தம்பியின் மனைவி, நான். நால்வரும் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் பெரிய தட்டான சஹன் வருகிறது. புரியாணியின் மேல் நெய்யில் பொரித்த கஜு, அதாவது முந்திரிப்பருப்பு. கஜு தின்றால் எனக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும் என்று பரிமாறுபவரிடம் சொல்கிறேன். அவர் சஹனை உள்ளே எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவருகிறார்.

"கஜுவ எல்லாம் பொறுக்கிட்டன் காக்கா. இனிப் பயமில்லாமத் தின்னுங்க." இந்தப் பக்கம் அண்ணன் காக்கா, அக்கா ராத்தா.

"கஜு பொரிச்ச நெய் சோத்துல இரிக்கிதானே தம்பி. அதுவே போதும், என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப."

அவர் சோற்றைப் பார்க்கிறார். "அப்ப பொறுக்கினது வீண் வேலை. கையக் கழுவிட்டு, வெள்ளச் சோறும் சுட்ட மீனும் வேறயாக் கொண்டாறன்."

தனித் தட்டு வருகிறது. மீன் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் என் கண் சஹனிலேயே நிற்கிறது. சஹனில் நல்ல துண்டைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவது வழக்கம். என் மனைவி இறைச்சியைத் தம்பியின் பக்கம் தள்ளுகிறாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தின்கிறான்.

"எனக்கு ஒன்றும் இல்லையா?" என்று கேட்டுவிடுகிறேன்.

அவள் சிரித்தபடி ஒரு துண்டை எடுத்து நீட்டுகிறாள். நானும் தட்டை அவள் பக்கம் நகர்த்துகிறேன்.

"ராத்தா, அந்தக் கையால வேணாம்," என்கிறார் பின்னால் நிற்கும் பரிமாறுபவர். "அதுலயும் நெய் இரிக்கி."

அவள் கை பாதியில் நிற்கிறது. பிறகு அந்தத் துண்டும் தம்பியின் பக்கம் போகிறது.