வெள்ளிக் கிரகத்துக்கு நாற்பது கிலோ

அமாவாசையன்று மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. பரிமளா அக்காவின் தம்பி பேசினார். "அக்கா பூட்டாங்கம்மா. விழுப்புரத்துல ஆஸ்பத்திரியிலயே முடிஞ்சிடுச்சு." கண்டக்டரிடம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அன்றைக்கு அம்மன் முகத்தைப் பார்க்க எனக்கு மனசில்லை. கோபம்தான் இருந்தது. இன்னும் ஒரு மாதம் கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விண்கலங்களுக்கு வெப்பம் தாங்கும் உறை வடிவமைக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவர். விருப்ப ஓய்வு பெற்று, சொந்த ஊரான செஞ்சிக்கு வந்து எங்கள் வீட்டு மாடியில் குடியேறினார். ஓய்வெடுக்க வரவில்லை. வெள்ளிக் கிரகத்தின் மேகத்துக்குள் ஒரு சிறிய கலத்தை இறக்க வேண்டும், பெரிய கலம் ஏதாவது அங்கே போகும்போது அதோடு தொற்றிக்கொண்டு போக வேண்டும், மொத்த எடை நாற்பது கிலோவைத் தாண்டக் கூடாது. இதுதான் அவர் திட்டம். வெவ்வேறு ஊர்களில் இருந்த பழைய சகாக்கள் நான்கு பேர் சம்பளமில்லாமல் அவருடன் உழைத்தார்கள்.

"சின்னதா செஞ்சா மட்டும் செலவு கொறையாது கோமதி. ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வாய மூடிக்கணும். அதான் எவனாலயும் முடியல" என்பார். அவருடைய கேள்வி, அந்த மேகத்தில் என்னென்ன வாயுக்கள் இருக்கின்றன என்பது. கலம் வெந்துபோவதற்குள் ஒரு மணி நேரம் கிடைக்கும். அதற்குள் முகர்ந்து சொல்ல ஒரு கருவி வைத்திருந்தார். அதன் எடை தொள்ளாயிரம் கிராம்.

பஜாரில் கிண்டலுக்குக் குறைவில்லை. "இன்னா மேடம், வெள்ளிக்குப் போற பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்று டீக்கடைக்காரர் கேட்பார். "நீ ஏறாதய்யா, வெயிட்டு தாங்காது" என்று சொல்லிவிட்டு அக்கா டீயைக் குடிப்பார்.

நான் பத்தாவது வரை படித்தவள். கணவரின் மளிகைக் கடைக்குச் சரக்கு நோட்டு எழுதுகிறேன். அதைப் புரட்டிப் பார்த்த அக்கா எடை நோட்டை என்னிடம் ஒப்படைத்தார். "நாலு பேரும் எனக்குத் தெரியாம எடையக் கூட்டிக்கினே போறானுங்க. உன்னக் கேக்காம ஒரு ஸ்குரூ உள்ள வரக் கூடாது." இருநூற்றுச் சொச்சம் பொருள்கள். புரியாத பெயர்களை அவருடைய புத்தகங்களில் தேடித் தேடிப் படித்து எழுதினேன்.

அங்கேதான் என் கை தவறு செய்தது. எங்கள் வீட்டில் அரிசி அளக்கும்போதெல்லாம் அங்காளம்மனுக்கென்று ஒரு பிடி தனியே எடுத்து வைப்போம். அந்தப் பழக்கத்தில், ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து கிராம் கூட்டியே எழுதினேன். பிற்பாடு போதாமல் போய்விடக் கூடாதே என்ற பயம். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அது எனக்குத் தோன்றவில்லை.

கூட்டினால் நாற்பது கிலோ எழுநூறு வந்தது. விண்வெளி நிறுவனத்தின் தேர்வுக் குழுவுக்குத் திட்டத்தை அனுப்பக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு வாயுக் கருவியை எடுத்துவிட்டு, மீதித் திட்டத்தை அனுப்பினார். மாதங்கள் கழித்துத் தேர்வுக் குழுவின் பதில் வந்தது. வடிவமைப்பு நன்று, ஆனால் வாயுவை அளக்காத கலத்தை அங்கே அனுப்புவதில் பயனில்லை. பூமியும் வெள்ளியும் பயணத்துக்குத் தோதாக வருவது ஒன்றரை வருடத்துக்கும் மேலான இடைவெளியில் ஒருமுறைதான். அந்த முறை போயிற்று.

அதன் பிறகுதான் நால்வரும் கொடுத்த எடைகளை அக்கா என் நோட்டோடு ஒப்பிட்டார். நோட்டோடு படியிறங்கி வந்தார்.

"இன்னாடி இது? பேட்டரி மூடிக்கு அவன் இருபது குடுத்தான். நீ இருபத்தஞ்சு எழுதி வெச்சிருக்கிற?"

"பத்திரத்துக்குக்கா. அம்மனுக்கு எடுத்து வைக்கிற மாதிரி..."

"அவனுங்க பத்திரத்துக்குக் கூட்டித்தான் குடுத்தானுங்க. அதுக்கு மேல நான் கூட்டினேன். அதுக்கும் மேல நீயா? அங்க போயி யாருக்குடி பொங்கல் வெக்கப் போற?"

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் தானே வந்து, "நோட்ட எடு. மொதல்லருந்து எழுதலாம்" என்றார். சகாக்களிடம் போனில், "தப்பு என்னுது. நான் சரிபார்க்கல" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. என் பெயர் அவர் வாயில் வரவில்லை. திட்டியதைவிட அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

மறுபடி எழுதியபோது, கருவியும் சேர்ந்து நாற்பதுக்குள் அடங்கியது. இரண்டாம் முறை அனுப்பினோம். 'பரிசீலனையில் உள்ளது' என்றே பதில் வந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், "லெட்டர் வந்துதா?" என்றுதான் கேட்டார். வரவில்லை. அவர் போன ஒன்பதாம் நாள் வந்தது. அனுமதி அல்ல. அடுத்த கட்டத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்களாம். கூடவே, வெப்ப உறையை இன்னும் தடிமனாக்கச் சொல்லியிருந்தார்கள். அதை எழுதியதும் நாற்பது கிலோ துல்லியமாக நிரம்பிவிட்டது.

நேற்று சகாக்களில் ஒருவர் பேசினார். "அக்கா பேர ஒரு சின்னத் தகட்டுல பொறிச்சு உள்ள வெச்சிடலாம்மா. பன்னெண்டு கிராம்தான்."

"எடமில்லீங்க சார்."

"அக்காவுக்குக் கூடவாம்மா?"

"எத எடுத்துட்டு வைக்கிறது, நீங்களே சொல்லுங்க."

"சரிம்மா" என்று போனை வைத்துவிட்டார்.

அந்தக் கலம் என்றைக்காவது போனால், உங்கள் பெயர் இல்லாமல்தான் போகும், அக்கா. நோட்டில் கடைசிப் பொருளுக்குக் கீழே ஒரு வரி மிச்சமிருந்தது. அதில் எதுவும் எழுதாமல் கோடு போட்டு மூடிவிட்டேன். போய் வாருங்கள்.