பெயர்க் கட்டத்தில் விழுந்த பெயர்

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் போட்டால் திரையில் நான்கு பெயர்கள் வரிசையாக வரும். வேலைக்கு வருவது மூன்று பேர். நான்காவது பெயர் பெரிய கிளார்க் அண்ணாச்சியுடையது. போன மாசியில் இறந்துபோனார். "அந்தப் பேரை எடுத்துரும்" என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், கப்பல் சரக்குக்குக் காகிதம் தயாரிக்கும் சின்ன ஆபீஸ். அங்கே கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டது நான்; அது மக்கர் செய்தால் திட்டு வாங்குவதும் நான். அண்ணாச்சி இருந்தபோது முதலில் திரையில் பெயர்ப் பட்டியல் கிடையாது. வெறும் கட்டம் வரும், பெயரை அடிக்க வேண்டும்; பிறகுதான் பாஸ்வேர்டு கேட்கும். இரண்டு விரலால் அடிக்கிற அண்ணாச்சி, அவசரத்தில் பாஸ்வேர்டை முதல் கட்டத்திலேயே அடித்துவிடுவார். அது புள்ளியாக மறையாமல் பளிச்சென்று நிற்கும். ஒரு பெண்ணின் பெயர்.

நான் சும்மா இருப்பேனா? ஒருநாள் அதைச் சத்தமாக வாசித்து, "யாரு அண்ணாச்சி இது? மதினிக்குத் தெரியுமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "எம் மவ பேருலே அது" என்றார். அவர் சம்மதிக்காத கல்யாணம் செய்துகொண்டு கயத்தாறுக்குப் போய்விட்ட மகள். அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று அவர் போட்டிருந்த சட்டம் எங்களுக்கும் தெரியும். பெயர்தான் தெரியாமல் இருந்தது. அதைத்தான் நான் ஏலம் போட்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போனதும் லாகின் ஸ்கிரீனில் என்னென்ன வரவேண்டும் என்று எழுதியிருக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தேன். பெயர்களை மறைக்கிற ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும், எல்லாப் பெயரும் திரையில் வந்துவிடும். அவரவர் பெயரை அமுக்கினால் நேரே பாஸ்வேர்டு கட்டம். நான்தான் பெரிய கெட்டிக்காரனாயிற்றே, பக்கத்து வரியையும் தொட்டு ஓர் எழுத்தைத் தின்றுவிட்டேன். திரை கருப்பாகிவிட்டது. கடலில் கப்பல் நிற்கிறது, அதன் காகிதமெல்லாம் கம்ப்யூட்டருக்கு உள்ளே. மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி, திருச்செந்தூருக்கு மொட்டை என்று நேர்ந்தேன். தலையில் மிச்சமிருந்ததே இருபது முடி. மூன்று பொத்தானைச் சேர்த்து அமுக்கினால் எழுத்து மட்டும் வரும் திரை ஒன்று உண்டு என்பது, சட்டை முழுக்க நனைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அதில் போய், தின்ற எழுத்தைத் திரும்பப் போட்டேன்.

அண்ணாச்சி வந்தார், தன் பெயரை அமுக்கினார், அடித்தார். ஆறு புள்ளிகள்.

"ஏலே, இனி வெளிய தெரியாதுல்லா?"

"வெறும் புள்ளிதான் அண்ணாச்சி."

அந்தப் புள்ளிகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் என்டரைத் தட்டினார். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான்.

அண்ணாச்சி இறந்து காரியமெல்லாம் முடிந்து, அவருடைய கண்ணாடிக்கூட்டையும் டிபன்பாக்ஸையும் வாங்கிப்போக அந்த மகள் வந்தார். "கடைசி வரைக்கும் எம் பேரை எடுக்கவே இல்லன்னு அம்மா சொன்னாவ" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, டிபன்பாக்ஸைப் பார்த்து. "அப்பாவோடது வேற ஏதும் இருக்காண்ணே?"

நானே திறந்து காட்டியிருக்கலாம். எல்லாச் சாவியும் என் கையில்தான். நாற்காலியை இழுத்துப் போட்டேன். "அப்பா பேரை அமுக்குங்க."

"பாஸ்வேர்டு தெரியாதே?"

எனக்குக் கேலி எதுவும் வரவில்லை. "உங்க பேருதாம்மா."

அவரும் இரண்டு விரலால்தான் அடித்தார். ஆறு புள்ளிகள். திரை திறந்தது, உள்ளே சரக்குக் காகிதங்கள்தான். அவர் அதைப் பார்க்கவில்லை. "மூடிட்டு இன்னொரு தடவ அடிக்கட்டுமா?" என்று கேட்டார். நான் மேசைக்கு அடியில் ஏதோ வயரைத் தேடப் போய்விட்டேன்.

அந்தப் பேரை எடுத்தாச்சா என்று இன்று காலையும் முதலாளி கேட்டார். "அதைத் தொட்டா திரையே கருப்பாயிரும் சார், கப்பல் வேற நிக்குது" என்றேன். சுத்தப் பொய். ஆனால் என் பயத்துக்கு ஆபீஸில் நல்ல பேர் உண்டு, நம்பிவிட்டார். திரையில் நான்கு பெயர்கள் நின்றன. நான் என்னுடையதை அமுக்கினேன்.