அவர் விளக்கேற்றிய நாட்கள்

பதினெட்டு வயதிலிருந்து நாள் தவறாமல் டைரி எழுதுகிறேன். அயனம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வந்த நேரம், சிலிண்டர் மாற்றிய தேதி, குக்கரின் ரப்பர் வளையம் வாங்கிய கடை எல்லாம் அதில் இருக்கும். மாதவிலக்கு மட்டும் இருக்காது. கல்யாணத்துக்கு முன் அப்பா என் டைரியைப் புரட்டிப் பார்ப்பார். அந்தக் கூச்சம் நாற்பத்தேழிலும் போகவில்லை.

சென்ற வருடம் தூக்கம் பாதியில் கலைய ஆரம்பித்தது. காரணமில்லாமல் கோபம் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் உதிரிபாக ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. எந்த ரேக்கில் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு நாள் கையில் வாஷரை வைத்துக்கொண்டு, அதன் பெயர் வராமல் நின்றேன். அந்த வாரமே தண்ணீர் லாரிக்காரரிடம் கத்திவிட்டு, அவர் எதிரிலேயே அழுதேன்.

"இன்னாம்மா, ரெண்டு நிமிசம் லேட்டு. அதுக்கா அழுவுற?" என்று அவர் பயந்துபோனார்.

புத்தி கலங்குகிறது என்று முடிவு செய்தேன். ஒரு சரக்கைத் தவறாக அனுப்பி அவமானப்படுவதற்கு முன் நாமே விலகிவிடலாம் என்று ராஜினாமாக் கடிதம் எழுதி, மடித்து டைரியில் வைத்தேன். கணவரிடம் சொல்லவில்லை. அவராகவே என்னை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார்.

டாக்டரம்மா எல்லாம் கேட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். "கடைசி ஒரு வருஷமா பீரியட்ஸ் எந்தெந்தத் தேதியில வந்துச்சு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. சிலிண்டர் தேதி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர், "விளக்கு யார் ஏத்துனாங்கன்னு தினம் எழுதுவியே, அதப் பாரு" என்றார்.

அந்த மூன்று நாட்கள் நான் சாமி விளக்கு ஏற்றுவதில்லை, அவர்தான் ஏற்றுவார். எங்கள் வீட்டு வழக்கம் அது. டைரியில் 'விளக்கு: அவர். எண்ணெய் சிந்தினார்' என்று மாதாமாதம் எழுதியிருந்தேன்.

"சிந்துனதயெல்லாமா எழுதி வெச்சிருக்க?"

"ஒரு தடவை கூட சிந்தாம ஏத்தலயே நீங்க!"

அவர் தேதிகளை வாசிக்க, டைரிக்குள்ளிருந்து கைக்கு வந்த, ஒருபக்கம் மட்டும் எழுதியிருந்த ஒரு தாளின் பின்புறத்தில் நான் எழுதினேன். முதலில் இருபத்தெட்டு நாள் இடைவெளி. பிறகு பத்தொன்பது, நாற்பத்துமூன்று, அறுபது. நான் கத்திய நாட்களையும் அழுத நாட்களையும் பக்கத்தில் குறித்தேன். முன்பெல்லாம் அவை அவர் விளக்கேற்றுவதற்கு முந்தைய நாலைந்து நாட்களில் அடங்கியிருந்தன. இடைவெளி குலைந்ததும் மாதம் முழுக்கப் பரவியிருந்தன.

அடுத்த சனிக்கிழமை டாக்டரம்மா அந்தத் தாளைப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிட்டு வந்ததில்ல. புத்தி கலங்குனவங்க எழுதுற லிஸ்ட்டா இது?" என்றார். ரத்தத்தில் குறை ஒன்றுமில்லை. மாதவிடாய் நிற்கப்போகும் வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் ஏறியும் இறங்கியும் ஆடும், தூக்கம், ஞாபகம், மனநிலை மூன்றையும் பார்த்துக்கொள்ளும் மூளைக்கும் அந்த ஹார்மோன் வேண்டும், அதனால்தான் இந்தத் தடுமாற்றம் என்றார். பெரும்பாலானோருக்கு இது தணிந்துவிடும், மருந்தும் இருக்கிறது என்றார்.

சொல்லிக்கொண்டே தாளைத் திருப்பினார். "மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு... இது எனக்கா?"

நான் எந்தத் தாளில் எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணவர் வாங்கி, கடைசி வரி வரை படித்தார்.

"வேலைய விடுற அளவுக்கு ஒண்ணுமில்லம்மா. தூக்கத்தச் சரி பண்ணுவோம், மூணு மாசம் பாப்போம்" என்றார் டாக்டரம்மா.

ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் கணவர், "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். மறந்துட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வார்த்தை வராத நாளில், உதவியாளப் பெண்ணிடம் பொருளைத் தூக்கிக் காட்டிக் கேட்டுவிடுகிறேன். அந்தத் தாள் டைரியில்தான் இருக்கிறது, தேதிப் பக்கம் மேலே தெரியும்படி. நேற்று அதன் கீழ் இன்னொரு தேதி சேர்ந்தது. டைரியில் கூச்சமில்லாமல் எழுதினேன்: மாதவிலக்கு, முதல் நாள். விளக்கு: அவர். எண்ணெய் சிந்தினார்.