களிமண்ணுக்குக் கீழே

ராஜபாளையத்தில் இருக்கும் தம்பி, வீட்டுப் போர்வெல்லை ஆழப்படுத்தி முடித்த பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் எனக்குப் போன் செய்தான். பணிக்காலம் முழுவதையும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கழித்தவன் நான். அதனாலோ என்னவோ, குடும்பத்தில் யாரும் தண்ணீரைப் பற்றி என்னிடம் கேட்பதில்லை.

அவன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறை. மில் இயந்திரப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் கரைப்பான், பேரல் ஓட்டையாகி அங்கே மண்ணில் இறங்கிவிட்டது. மழைக்குப் பிறகு தம்பி வீட்டுத் தண்ணீரில் இனிப்பாக ஒரு மருந்து வாசனை. எங்கள் பக்கம் தண்ணீர் உப்பானாலும் வற்றினாலும் ஒரே வைத்தியம்தான், இன்னும் ஆழம் போவது. அவனும் அதையே செய்தான்.

பெட்ரோல் என்றால் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். இந்தக் கரைப்பான் தண்ணீரைவிடக் கனம். நீருக்குள்ளும் இறங்கி, களிமண் அடுக்கின் மேல் தேங்கி, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அந்த அடுக்கைத்தான் தம்பி துளைத்து, கரைப்பான் அதற்கும் கீழே இறங்க வழி செய்து கொடுத்திருந்தான்.

உடனே கிளம்பிப் போனேன். வாசலில் டம்ளரோடு நின்றான்.

"மோந்து பாருங்கண்ணே, ஒரு வாசமும் இல்ல. இம்புட்டுப் படிச்சும் தண்ணியக் கண்டு பயப்படுதீக."

மூக்குக்கு எட்டாத அளவே உடம்பைக் கெடுக்கப் போதும் என்றேன். மோட்டாரை நிறுத்தி, போரை சிமெண்ட் கலவையால் அடைக்கச் சொன்னேன். தண்ணிய டெஸ்ட் பண்ணி ரிசல்ட் வரட்டும், பொறவு பார்ப்போம் என்றான். நான் வேலை பார்த்த அலுவலகத்திலும் இதையேதான் சொல்வோம். குடிக்க மட்டும் கேன் தண்ணீர் வாங்க ஒப்புக்கொண்டான்.

கண்ணாடிப் புட்டியில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்தேன். விதிமுறைப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் இன்று சுத்தம் என்று வந்தாலும் அடுத்த மாதத்துக்கு அது செல்லாது.

கிளம்பும்போது அவன் மருமகள் பின்னாலேயே வந்தாள். ஏழாம் மாதம்.

"பெரிய மாமா, குடிக்கல சரி. குளிக்கலாமா?"

உள்ளே ஹீட்டரில் அவளுக்காகத் தண்ணீர் சுட்டுக்கொண்டிருந்தது. வெந்நீரிலிருந்து கரைப்பான் ஆவியாக எழும். கதவடைத்த குளியலறையில் அவ்வளவையும் மூச்சில் இழுப்பாள்.

"துணிமணிய எடுத்துக்கோம்மா. நம்ம வீட்டுல வந்து இரு."

தம்பி அவளையும் என்னையும் பார்த்தான்.

"மோட்டார வேணா நிறுத்துதேண்ணே."

நிறுத்தினாலும் துளை திறந்தேதான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பையோடு வந்துவிட்டாள். நான் ஆட்டோ பிடிக்கப் போனேன்.