தொடையில் கட்டி

என் மனைவிக்கு ஆசனவாய் ஓரம் பவுத்திரம் வந்து சீழ் வடிந்தது, காய்ச்சலும் அடித்தது. தென்காசி டாக்டரிடம் நான் மட்டும் போய், தொடையில் கட்டி என்று பொய் சொன்னேன். இடத்தைச் சொன்னால் பார்க்க வேண்டும் என்பாரே என்ற கூச்சம். அப்போது புதிதாக வந்திருந்த சல்பா மாத்திரைகளைக் கொடுத்தார்.

காய்ச்சல் விட்டது, சீழும் நின்றது. சீசன் வந்ததும் குற்றாலத்தில் அருவிக்குக்கூடப் போய்வந்தோம். சில நாளிலேயே அவள் குளிரில் நடுங்கிப் படுத்துவிட்டாள். நெற்றி கொதித்தது. செத்துவிடுவாளோ என்று மறுபடி மாத்திரைக்கு ஓடினேன்.

டாக்டர் தரவில்லை. "சார்வாள், கட்டிய நான் பாக்கணும்" என்று கூடவே வந்துவிட்டார்.

வாசலில் அவரை மறித்து, "தொடையிலதான் டாக்டர், மாத்திரை போதும்" என்றேன். அந்த நிலையிலும் அப்படித்தான் சொன்னேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "வெக்கம் அவுகளுக்குத்தான் டாக்டரய்யா. எனக்கு உசுரு போவுது. உள்ள வாங்க, காட்டுதேன்."

பார்த்துவிட்டு வந்தவர், "மாத்திரை சீழத்தான் வத்த வைக்கும். உள்ள ஓடுத புண்ண அறுத்துத்தான் ஆத்தணும்" என்றார்.

அறுத்தார்கள், பிழைத்தாள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவள் என்னிடம் கேட்டதே இல்லை. கேட்டுவிடுவாளோ என்று அவள் இருந்தவரை பயந்தேன்.