எங்களுக்கும் காடு இருக்கு சார்

மலை ஊருக்குச் சாமான் ஏத்திக்கிட்டுப் போய் விக்குத தொழிலுக்கு நல்ல பிரேக்கும் நல்ல வாயும் வேணும். எங்க வண்டியில பிரேக் நல்லா இருக்கு.

வாய் என் பொறுப்பு. நான் அஞ்சாவதோட நின்னவ. முன்னால தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டினேன். அங்கன கைதான் ஓடணும், வாய் ஓடினா திட்டு விழும். எனக்கு ஏத்த வேலை. ஆனா மகள் பிறந்தபிறகு, கைப்பிள்ளையை அங்கன கொண்டுபோக முடியாது. வீட்டுக்காரர் குட்டியானை வண்டி எடுத்து, கோவில்பட்டி கடலை மிட்டாய், சேவு, எங்க ஊர் மிளகாய் வத்தல், உளுந்து எல்லாம் ஏத்தி மேற்கு மலைக்குப் போக ஆரம்பிச்சாரு. "நீயும் வாட்டி, பிள்ளை உன் மடியிலேயே இருக்கும்"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காக ஏறி உக்காந்தேன். என்னை மாதிரிக் கூச்சத்தோட வியாபாரத்துக்கு வந்து மாட்டிக்கிட்டவங்களுக்கு மிச்சத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

மைக்கும் மகளும்

முதல் நாள், மலையில முதல் ஊர். ஊருன்னு சொன்னாங்க; கண்ணுக்கு மரந்தான் தெரிஞ்சுது. காப்பிச் செடி, மரத்துமேல ஏறுன மிளகுக்கொடி, அதுக்கும் மேல மூடுபனி. வீடெல்லாம் உள்ள எங்கனயோ இருக்கு. எங்க கரிசல்ல நின்னா, அடுத்த ஊர்க்காரர் சைக்கிள்ல கிளம்புததே தெரியும். இங்கன ஆள் முகம் தெரியலையேங்குத தைரியத்துல வீட்டுக்காரர் கிட்ட இருந்து வண்டி மைக்கை வாங்கி, "கடலை மிட்டாய்... சேவு..."ன்னேன். என் காதுக்கே எட்டலை. மடியில இருந்த மக மைக்கைப் பிடுங்கிக் கடிச்சா. திரும்பப் பிடுங்கினேன். வீல்னு ஒரே அழுகை, மலை முழுக்க.

என்னமோ ஏதோன்னு நாலு பக்கமும் இருந்து பொம்பளைங்க ஓடிவந்தாங்க. வந்தவங்க சும்மா போகாம மிட்டாயும் வாங்கினாங்க. அதுல ஒரு அக்கா போறப்ப கேட்டாங்க: "பாப்பா நல்லா கூவுது. அதுக்கு முன்னாடி யாரோ முணுமுணுத்தாங்களே, அது யாரு?"

கிட்டத்தான்

இன்னொரு நாள் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்: "ரெண்டு கிலோ வத்தல் கொண்டா தங்கச்சி, வீடு கிட்டத்தான்!" பக்கத்து வீட்டுல பேசுத மாதிரி அவ்வளவு தெளிவு. பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, வத்தலைத் தலையில வச்சுக்கிட்டுக் கிளம்பினேன். இறங்கினேன், ஓடையைத் தாண்டினேன், ஏறினேன். ஏறினேன், ஏறினேன். கீழ எங்க வீட்டுக்காரர் என்னைத் தொலைச்சுட்டோம்னு ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருக்காரு.

வாசல்ல போய் விழுந்து, "கிட்டத்தான்னு சொன்னீகளேக்கா"ன்னேன். அந்த அக்கா தண்ணிச் செம்பை நீட்டிக்கிட்டே சொன்னாங்க: "கிட்டத்தான். ஏறணுமான்னு நீ கேக்கவே இல்லையே!"

அட்டை நாலு

எங்க கரிசல்ல மழை அபூர்வம்; பெஞ்சா வெளிய வந்து நின்னு பாக்குத சாதி நாங்க. மலையில திடீர்னு ஒரு மழை பிடிச்சுது. நான் புல்லுல நின்னு மகளுக்கு மழையைக் காட்டி முடிக்கதுக்குள்ள, மிட்டாய்ப் பெட்டி நனைஞ்சு அடி பிஞ்சிட்டு. அந்த நேரம் பாத்து ஒரு டீக்கடை அம்மா, "அங்க நிக்காதே, அட்டை இருக்கும்!"ன்னாங்க. எனக்கு உசிரு வந்துச்சு. "இருந்தா நாலு குடுங்கம்மா, மிட்டாய் அடுக்கணும்"ன்னேன்.

தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்தவளுக்கு அட்டைன்னா பெட்டி செய்யுத அட்டைதான். ரத்தம் குடிக்குத அட்டையை நான் எங்க கண்டேன்? அந்த அம்மா என் பாதத்தைப் பாத்தாங்க, அப்புறம் முகத்தைப் பாத்தாங்க: "நாலு எதுக்கு? குனிஞ்சு பாரு, ஏழு இருக்கு!"

மூணு ஏக்கர் காடு

எங்க பக்கம் மானாவாரி நிலத்துக்குக் காடுன்னுதான் பேரு. 'காட்டுக்குப் போயிட்டு வாரேன்'ன்னா களையெடுக்கப் போறோம்னு அர்த்தம். அந்தப் பேச்சு மலையில ஆகாதுன்னு யாரும் எனக்குச் சொல்லலை. அதுக்குள்ள எனக்கு வாயும் கொஞ்சம் திறந்திருந்துச்சு. அதான் வினை.

செக்போஸ்ட்ல அன்னைக்குப் புது பாரஸ்ட் கார்டு. வீட்டுக்காரர் ரேடியேட்டருக்குத் தண்ணி பிடிக்கப் போயிட்டாரு. கார்டு வத்தல் மூட்டையைத் தட்டி, "இது எங்க வாங்குனது?"ன்னாரு.

"வாங்கலை சார். எங்க காட்டுல வெளைஞ்சது."

"உங்களுக்குக் காடு இருக்கா?"

"மூணு ஏக்கர் இருக்கு சார்."

"காட்டுல எப்படிம்மா மிளகாய் விளையும்?"

"சும்மா விளையுமா சார்? உள்ள இருந்ததையெல்லாம் வெட்டி, தீ வச்சு, அப்புறம்லா உழுதோம்."

"காட்டுக்குத் தீ வச்சீங்களா!"

"எங்க ஊர்ல எல்லாரும் வைப்பாங்க சார்."

அவர் நோட்டையும் பேனாவையும் எடுத்தாரு. வண்டியை ஓரங்கட்டச் சொன்னாரு. இனிமே இந்த கேட்டுக்குள்ள எங்க வண்டி ஏறாதுன்னாரு. ஓடிவந்த வீட்டுக்காரரும், "அது எங்க தாத்தா காலத்துக் காடு சார்"ன்னு ஒரு போடு போட்டாரு. "குடும்பமே சேர்ந்தா?"ன்னு கார்டு நோட்டுல இன்னொரு பக்கத்தைத் திருப்பினாரு. வண்டி நின்னா திரும்பவும் தீப்பெட்டி ஆபீஸ்தான்; பிள்ளை ஒரு வீட்டுல, நான் ஒரு இடத்துல.

"மொத்தம் எத்தனை மரம் வெட்டினீங்க?"ன்னாரு.

"மரமா?" மைக் இல்லாமலே என் குரல் கேட்டை முட்டித் திரும்புச்சு, மகளே முழிச்சுப் பாத்தா. "எங்க காட்டுல மொத்தமே ஒரு மரந்தான் சார்! வேப்பமரம். கஞ்சி குடிக்க அது நிழல்லதான் உக்காருவோம். அதை வெட்டிட்டு நாங்க எங்கன போய் உக்கார?"

"ஒரு மரமா?"

"ஒரே மரம் சார். வெட்டித் தீ வச்சது வெறும் முள்ளுச்செடி. மிச்சமெல்லாம் உளுந்தும் வத்தலுந்தான்."

கார்டு பேனாவை மூடினாரு. பின்னால திரும்பி, வானம் தெரியாம நிக்குத மலையை ஒரு தடவை பாத்தாரு. சிரிப்பை அடக்கப் பாத்து முடியாம, கேட் கம்பியைத் தூக்கிவிட்டாரு: "போங்கம்மா. ஒத்த மரத்துக்குக் காடுன்னு பேர் வச்சுட்டீங்க, நான் காவல் காக்குற இதுக்கு என்ன பேர் வைக்கிறது?"

ஆக, என்னை மாதிரிக் கூச்சக்காரங்களுக்கு நான் கண்டு சொல்லுதது ஒண்ணுதான்: வாயைத் திறந்தா மாட்டிக்குவீங்க, ஆனா பாதியில மூடிட்டீங்கன்னா கேட்டுக்கு வெளியதான் நிப்பீங்க.